டிஜே ரேங்ளரின் பின் ஆக்சில்: டானா 35-ஐப் பலப்படுத்துவதா, மாற்றுவதா?

1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ரேங்ளர் டிஜே வண்டியைப் பாறைப் பாதைகளுக்காகத் தயார்செய்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பின் ஆக்சிலைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான டிஜே வண்டிகளின் பின்புறம் டானா 35 என்ற ஆக்சிலே தொழிற்சாலையிலிருந்து வந்தது. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு டானா 44 கிடைத்தது. 2003-இல் வந்த ரூபிகான் வகைக்கு முன்னும் பின்னும் டானா 44 பொருத்தப்பட்டது. ஆகவே கேள்வி கேட்பவர்களில் பலர், 33 அங்குல டயரை ஏற்கெனவே வாங்கிவிட்டு, லாக்கருக்கு (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் கருவி) பணம் சேர்த்துக்கொண்டு, அந்தப் பணத்தை டானா 35-க்குள் போடலாமா, அல்லது ஆக்சிலையே மாற்றிவிடலாமா என்று தயங்கி நிற்பவர்கள். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிலின் பெயரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வண்டி கடைசியாக எந்த டயரில் நிற்கப்போகிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். இடையில் ஒரு படி ஏறி, இரண்டு ஆண்டுகளில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர்தான் எல்லோரையும்விட அதிகம் செலவழிக்கிறார்.

## எதை வைத்து எடைபோடுவது

டயரின் அளவு. ஆக்சிலுக்குள் சக்கரத்தைத் திருப்பும் பின் ஷாஃப்ட் தாங்க வேண்டிய உச்ச முறுக்குவிசையை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. சக்கரத்தின் மேல் இறங்கும் எடை, தரையின் பிடிப்பு, டயரின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கல்தான் அதன் எல்லை; அதற்குமேல் போனால் டயர் வழுக்கிவிடும். 225/75 ஆர்15 என்ற தொழிற்சாலை டயரின் விட்டம் ஏறத்தாழ 28.3 அங்குலம். அதை 35 அங்குலமாக்கும்போது, வேறு எதையும் தொடாமலே, ஷாஃப்டின் மேல் ஏறக்கூடிய உச்ச விசை 24 சதவீதம் கூடுகிறது. பெரிய டயரின் எடையும் கூடுதல் என்பதால், காற்றில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று பாறையைப் பற்றும்போது விழும் அடி இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. ஷாஃப்டுகள் பெரும்பாலும் முறிவது அந்த நொடியில்தான்.

லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். ஒன்று வழுக்கினால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். வண்டி நகராது, ஆனால் ஷாஃப்டும் முறியாது. லாக்கர் போட்டபின், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்சிலுக்கு வரும் விசை முழுவதும் மற்ற ஷாஃப்டின் வழியாகவே போக நேரிடும். பல ஆண்டுகள் தொல்லை தராமல் ஓடிய டானா 35, லாக்கர் போட்டபின் முறிவதற்கு இதுவே காரணம்.

தரை. யூட்டா மாநிலத்தின் மோவாப் பகுதியில் உள்ள மணற்பாறையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு அசாதாரணமானது. அங்கே டயர் வழுக்கி விசையை விட்டுக்கொடுப்பதில்லை, எனவே ஷாஃப்ட்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சேற்றிலும் பனியிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு இதே ஆக்சில் நீண்ட காலம் உழைக்கும்.

கியர் பெருக்கம். ஏஎக்ஸ்-15 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.83, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் என்பி 231 டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான ‘லோ’ நிலை 2.72, ஆக்சிலின் கியர் விகிதம் 3.73 என்றால், எஞ்சினின் விசை ஏறத்தாழ 39 மடங்காகிறது. ஆக்சிலை 4.56 ஆக்கினால் அது 47 மடங்குக்குமேல் போகிறது. ஐந்து வேக ரூபிகானில், 4:1 லோவின் காரணமாக, அது ஏறத்தாழ 66 மடங்கு.

உடைந்தால் என்ன ஆகும். இந்த அளவுகோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டானா 35-லும், பலர் மாற்றாகப் பொருத்தும் ஃபோர்டு 8.8 ஆக்சிலிலும் ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்துவது, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சி-கிளிப் என்ற சிறிய வளையம். ஷாஃப்ட் முறிந்தால் அதனோடு சக்கரமும் வெளியே நழுவி வரலாம். டானா 44-இல் வெளிப் பேரிங்கின் தட்டு ஷாஃப்டைப் பிடித்திருப்பதால், உள்ளே முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகிறவர் இதைத் தராசில் கட்டாயம் வைக்க வேண்டும்.

வெல்டிங் யார் செய்வது. சொந்தமாக வெல்டிங் தெரிந்தவருக்கும், ஒவ்வொரு மணிநேர உழைப்புக்கும் பட்டறைக்குப் பணம் கொடுப்பவருக்கும் ஒரே ஆக்சில் சரியான விடையாக இருக்க முடியாது.

## ஒரே பார்வையில்

ஒரே எஃகில் செய்த ஷாஃப்டின் முறுக்கு வலு, அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். கீழே உள்ள அட்டவணையின் நான்காம் நெடுவரிசை அந்தக் கணக்கு. கிரவுன் என்பது ஷாஃப்டுகளைத் திருப்பும் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சிறியது பினியன்; ஸ்பிலைன் என்பது ஷாஃப்டின் முனையிலுள்ள பற்கள். கடைசி நெடுவரிசை, லாக்கர் போட்டுப் பாறையில் ஓட்டும் வண்டிக்கு நான் பரிந்துரைக்கும் எல்லை.

| ஆக்சில் | கிரவுன் விட்டம் (அங்குலம்) | ஷாஃப்ட் | ஒப்பு வலு | டயர் எல்லை |
|---|---|---|---|---|
| டானா 35 | 7.58 | 27 ஸ்பிலைன், 1.17 | 1 | 31 |
| பலப்படுத்திய டானா 35 | 7.58 | 30 ஸ்பிலைன், 1.31 | 1.4, அலாய் எஃகானதால் இன்னும் கூடும் | 33 |
| டானா 44 | 8.5 | 30 ஸ்பிலைன், 1.31 | 1.4 | 35 |
| ஃபோர்டு 8.8 | 8.8 | 31 ஸ்பிலைன், 1.32 | 1.44 | 35 |
| டானா 60 | 9.75 | 35 ஸ்பிலைன், 1.5 | 2.1 | 37-க்கு மேல் |

## டானா 35-ஐ அப்படியே வைத்துக்கொள்வது

31 அங்குல டயர், லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியல், காட்டுப்பாதையும் முகாமும்தான் நோக்கம் என்றால், இந்த ஆக்சிலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெயை மாற்றி, சீல்களைப் பார்த்துக்கொண்டால் போதும். லாக்கர் இல்லாமல் 33 அங்குல டயரிலும் நிதானமான ஓட்டுநர் இதைக் காப்பாற்றிவிடலாம். இந்த ஆக்சிலின் மேல் இருக்கும் கெட்ட பெயர் பெரும்பாலும், அதற்கென வடிவமைக்கப்படாத வேலையை அதன்மேல் சுமத்தியதால் வந்தது.

## டானா 35-ஐப் பலப்படுத்துவது

சந்தையில் சூப்பர் 35 என்று அறியப்படும் தொகுப்பில் 30 ஸ்பிலைன் அலாய் ஷாஃப்டுகளும் அவற்றுக்குப் பொருந்தும் லாக்கரும் வரும். வெல்டிங் வேண்டாம், பிராக்கெட் வேண்டாம், பிரேக்கைத் தொட வேண்டாம், ரிம்மும் அதேதான். ஷாஃப்டின் வலுவில் இது தொழிற்சாலை டானா 44-ஐத் தொட்டுவிடுகிறது என்பது உண்மை.

ஆனால் ஷாஃப்டை மட்டும் பலப்படுத்தும்போது பலவீனம் அழிந்துபோவதில்லை. அடுத்த பாகத்துக்கு இடம் மாறுகிறது. 7.58 அங்குலக் கிரவுனும் அதன் பினியனும் அப்படியே இருக்கின்றன. 4.56 அல்லது 4.88 விகிதத்துக்குப் போகும்போது பினியனின் பற்கள் குறைந்து அதன் தலை இன்னும் சிறுக்கிறது. ஏறத்தாழ 2.6 அங்குலம் விட்டமுள்ள மெல்லிய குழாய்கள், வண்டி பாறையின் மேல் இறங்கும்போது வளையக்கூடியவை. ஷாஃப்ட் முறிந்தால் மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. கிரவுன் பல் உடைந்தால் ஆக்சில் முழுவதையும் பிரித்து, இரும்புத் துகளைக் கழுவி, மறுபடியும் பொருத்த வேண்டும்.

33 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவருக்கு, அதிலும் வெல்டிங் வசதி இல்லாதவருக்கு, இது நல்ல தேர்வு. ‘இப்போதைக்கு 33, பிறகு 35 பார்க்கலாம்’ என்பவருக்கு இது நல்லதன்று. ஏனெனில், இந்தத் தொகுப்பில் போட்ட பணத்தில் எதையும் அடுத்த ஆக்சிலுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

## ஃபோர்டு 8.8-ஐப் பொருத்துவது

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சில் இத்தனை ஜீப்புகளுக்குள் வந்து சேர்ந்ததற்கு உறுதியான காரணங்கள் உண்டு. 31 ஸ்பிலைன் ஷாஃப்ட், 3.25 அங்குலக் குழாய், டிஜேயின் அதே 5 போல்ட், அவை அமைந்த அதே 4.5 அங்குல வட்டம், அகலத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலமே குறைவு; அதனால் இப்போதைய ரிம்மையே மாட்டிக்கொள்ளலாம். எக்ஸ்ப்ளோரர்கள் பெருமளவில் விற்றதால், அமெரிக்காவின் காயலாங்கடைகளில் இதை இன்றும் தேடிப்பிடிக்க முடிகிறது.

தேடும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். 1995 முதல் டிஸ்க் பிரேக் வந்தது. அதற்கு முந்தையவை டிரம். 2002-இல் நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரின் பின்புறம் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டதால் அது நமக்குப் பயன்படாது. ஆகவே 1995–2001 வண்டிகளே இலக்கு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தின் ஒட்டுத்தாளில் ஆக்சில் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும்: டி4 என்றால் 3.73 விகிதமும் லிமிடெட் ஸ்லிப்பும் (ஒரு சக்கரம் வழுக்குவதை ஓரளவு கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), டி2 என்றால் 4.10-ம் லிமிடெட் ஸ்லிப்பும். உங்கள் முன் ஆக்சிலும் அதே விகிதமானால், கியரைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். இந்த ஒற்றுமை அமைந்தால், பின் ஆக்சில் மாற்றத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

இதற்கு நிகரான இன்னொரு சிறப்பு, 8.8-இல் எல்லா விகிதத்துக்கும் கிரவுனைத் தாங்கும் கேரியர் ஒன்றே பொருந்தும் என்பது. டானா ஆக்சில்களில் அப்படியில்லை: டானா 44-இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-க்கு மேல் இன்னொன்று. டானா 35-இலும் முன்புற டானா 30-இலும் இதேபோன்ற பிரிவு உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். எக்ஸ்ப்ளோரரின் லீஃப் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டி எறிந்து, டிஜேயின் காயில் ஸ்பிரிங், ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் நான்கு கைகள், டிராக் பார், ஷாக் ஆகிய எல்லாவற்றுக்கும் பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். குழாய்கள் வார்ப்பிரும்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகப்பட்டவை என்பதால், கடும் விசையில் அவை சுழன்றுவிடாதபடி இணைப்பையும் வெல்டிங் செய்தாக வேண்டும். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால், சிறு சிறு துண்டுகளாகப் பக்கம் மாற்றி ஓட்டவில்லையென்றால் குழாய் கோணிவிடும். கோணிய குழாயில் பேரிங்கும் சீலும் நிலைக்காது. பினியன் ஃபோர்டின் தட்டையான ஃபிளாஞ்சோடு வருவதால் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு அடாப்டரோ மாற்று யூ ஜாயிண்டோ வேண்டும். கைப்பிரேக் கேபிளையும் ஒத்துவரச் செய்ய வேண்டும். பினியன் நடுவிலிருந்து வலப்புறம் சற்று விலகியிருக்கும்; 93.4 அங்குல வீல்பேஸ் கொண்ட டிஜேயின் குட்டைப் புரொப்பல்லர் ஷாஃப்டில், உயர்த்திய சஸ்பென்ஷனின் கோணத்தோடு இந்தக் கோணமும் சேர்ந்துகொள்கிறது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சி-கிளிப் இதிலும் உண்டு. ஆயினும் டிஸ்க்கைக் கேலிப்பர் கவ்வியிருப்பதால், ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் உடனே கழன்று ஓடிவிடாது. டிரம் பிரேக் உள்ள டானா 35-க்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை.

வெல்டிங் தெரிந்தவர், அல்லது நம்பகமான வெல்டரை அறிந்தவர் 35 அங்குலத்துக்குப் போகிறார் என்றால், நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். முழு வேலையையும் பட்டறையிடம் ஒப்படைப்பவருக்கோ, மலிவாக வாங்கிய ஆக்சில் கூலியில் அந்த மலிவை இழந்துவிடும்.

## டிஜே டானா 44-ஐப் பொருத்துவது

இன்னொரு டிஜேயிலிருந்து கழற்றிய டானா 44, போல்ட் போட்டு ஏற்றிவிடக்கூடியது. எல்லா பிராக்கெட்டும் இடத்தில் இருக்கும். சி-கிளிப் இல்லை. லாக்கர், கியர், அலாய் ஷாஃப்ட் என்று இதற்குக் கிடைக்காத பாகம் இல்லை. 8.8-ஐவிட இதன் குழாய் மெலிது. கிரவுனும் சற்றே சிறிது. ஆனாலும் 35 அங்குலத்தில் நிதானமாக ஓட்டுபவர் அந்த வேறுபாட்டை உணரமாட்டார்.

தட்டுப்பாடுதான் இதன் குறை. எல்லோரும் இதையே தேடுவதால், பழைய ஆக்சில் என்றாலும் விலை இறங்குவதில்லை. கிராண்ட் செரோக்கியின் முதல் தலைமுறையில் வந்த, நடுப்பகுதி அலுமினியத்தாலான டானா 44-ஐ மலிவாகக் காட்டினால் வாங்க வேண்டாம். அது பெயரில் மட்டுமே உறவு. உங்கள் வண்டியிலேயே என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்: டானா 35-இன் மூடி முட்டை வடிவம், டானா 44-இன் மூடி கோணல் அறுகோணம். ஏற்கெனவே 44 இருப்பதை அறியாமல் மாற்று தேடுபவர்களும் உண்டு.

## டானா 60-க்குப் போவது

37 அங்குலத்துக்கு மேல், அல்லது கலிபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் வேகமாகப் பாறையேறுவது என்றால் மட்டுமே இது பொருந்தும். லாரிகளிலிருந்து வரும் பின்புற டானா 60 முழு மிதவை வகையைச் சேர்ந்தது: எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் சுமக்க, ஷாஃப்ட் திருப்புவதை மட்டும் செய்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் போல்ட்டைக் கழற்றி உருவிவிட்டு, முன் சக்கரங்களின் உதவியில் வீடு வந்து சேரலாம்.

விலை ஆக்சிலோடு முடிவதில்லை. எட்டு போல்ட் ஹப்புக்குப் புதிய ரிம்கள் வேண்டும்; 1999-க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் அந்த வட்டமும் 170 மில்லிமீட்டர் என்று தனியாக இருக்கிறது. அகலம் வண்டியின் உடலைவிட வெளியே துருத்தும். முன்புறத்துக்கும் டானா 60 தேடினால், டிஜேயின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓட்டுநர் பக்கம் இறங்குவதால், 1978–79 அல்லது 1985–91 ஃபோர்டிலிருந்து வந்தவை போன்றவை பொருந்தும். 1977–91 செவ்ரோலே ஆக்சிலின் நடுப்பகுதி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஸ்டியரிங், மாஸ்டர் சிலிண்டர், ஸ்பிரிங் எல்லாமே இதைத் தொடர்ந்து மாறும்.

35 அங்குல டயரில் டானா 60 போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதன் பெரிய நடுப்பகுதி, பெரிய டயர் வாங்கித் தந்த தரை இடைவெளியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. டைனாட்ராக் புரோராக், கரி ராக்ஜாக் போன்ற, டிஜேக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆக்சில்கள் இந்தக் குறையைக் குறைத்து, வெல்டிங் வேலையையும் மிச்சப்படுத்துகின்றன. ஆனால் முன்னும் பின்னுமாக வாங்கினால் அவற்றின் விலை பழைய டிஜேயின் விலையையே எட்டிவிடக்கூடும்.

## முன் ஆக்சிலின் கணக்கு

பின்புற விகிதத்தை மாற்றினால் முன்புறத்தையும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டும் வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சில்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். எனவே எந்தத் தேர்வின் விலையிலும் முன்புறக் கியரையும் அதைப் பொருத்தும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். விகிதத்தைக் கண்டுபிடிப்பது எளிது: புதிய டயரின் விட்டத்தைப் பழையதால் வகுத்து, பழைய விகிதத்தால் பெருக்க வேண்டும். 28.3 அங்குலத்தில் 3.73 இருந்த வண்டிக்கு 31-இல் 4.10, 35-இல் 4.56, 37-இல் 4.88 வரும். லாக்கரையும் கியரையும் ஒன்றாகவே வாங்குங்கள். லாக்கரே கேரியரின் இடத்தைப் பிடிக்கும் வகையானால் கேரியர் பிரிவின் செலவு மறைகிறது. ஆக்சிலைத் திறந்து ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து அளக்கும் கூலியும் ஒருமுறையோடு முடிகிறது.

35 அங்குலம் வரை, முன்புற டானா 30-ஐ அலாய் ஷாஃப்டோடு வைத்துக்கொள்வதே என் தேர்வு. ரூபிகானின் முன் டானா 44-க்கு அதிக விலை கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அதன் கிரவுன் பெரியது, ஆனால் நக்கிள், பால் ஜாயிண்ட், சக்கரப் பேரிங் எல்லாம் டானா 30-இல் உள்ளவையே. முன்புறத்தில் முதலில் தேய்வது அந்த வெளிப் பாகங்கள்தான். 1995–99 செரோக்கி எக்ஸ்ஜேயின் உயர் பினியன் டானா 30 கிடைத்தால் அது இன்னும் நல்லது. முன்னோக்கி ஓட்டும்போது கியர் பற்களின் வலுவான பக்கம் அதில் வேலை செய்கிறது, புரொப்பல்லர் ஷாஃப்டும் பாறைக்கு எட்டாமல் உயர்ந்து நிற்கிறது.

எந்த ஆக்சிலைத் தேர்ந்தாலும், புதிய கியர் பொருத்திய உடனே பாதைக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் 15 அல்லது 20 மைல் மிதமாக ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, இதைச் சில முறை திரும்பச் செய்யுங்கள். முதல் 500 மைலுக்குள் எதையும் இழுக்கவோ, அதிவேகத்தில் நெடுந்தூரம் போகவோ கூடாது. 500 மைலில் எண்ணெயை வடித்து, அதில் இறங்கியிருப்பது மெல்லிய சாம்பல் நிறப் பொடிதானா, அல்லது விரலில் தட்டுப்படும் துண்டுகளா என்று பாருங்கள். பொடி இயல்பு. துண்டு தென்பட்டால், பொருத்தியவரிடமே கொண்டுபோய், கிரவுன் பற்களின் மேல் சாயம் தடவித் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.